அடிநாதமும் பிசிறும்

பிசிறில்லாத சாரீரம் என்று ஒரு பாடகரைப் புகழ்வது நம்மவர் வழக்கு. சுரம் தன் இடத்தில் நின்று, ஓரத்தில் நூல் பிரியாத பட்டாடைபோல விளங்க வேண்டுமென்பது நம் செவியின் எதிர்பார்ப்பு. குரலிற் பிசிறு தட்டினால் ரசிகர் முகஞ்சுளிப்பர். வாத்தியத்திற் பிசிறு தட்டினால் வித்துவான் வாசிப்பை நிறுத்திவிட்டுத் தந்தியைத் திருத்துவார். இவ்வாறிருக்க, அந்தப் பிசிறை வேண்டுமென்றே உண்டாக்குவதற்கு ஒரு பெட்டியைச் செய்து, அதனைக் காலால் மிதித்து இயக்கி வாத்தியம் வாசிக்கும் பழக்கம் மேனாட்டு இசையில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வேரூன்றியிருக்கிறது என்றால், அது நமக்குச் சற்று விந்தையாகவே தோன்றும்.

அப்பெட்டிக்கு 'ஃபஸ்' என்று பெயர். துணியின் மீதும் சில பழங்களின் தோல் மீதும் காணப்படும் மெல்லிய பிசிரையே ஆங்கிலத்தில் அச்சொல் குறிக்கும். மின்கிற்றாருக்கும் அதன் ஒலியைப் பெருக்கும் கருவிக்கும் இடையில், வாசிப்பவரின் காலடியில் இது கிடக்கும். ஒருமுறை மிதித்தால் தெளிந்த நாதம் கரகரக்கும்; மறுமுறை மிதித்தால் பழைய நாதம் மீளும்.

கிற்றாருக்குச் செய்யும் இப்பெட்டியைப் பேஸ் கிற்றாருக்குச் செய்ய முற்படும்போது ஒரு சங்கடம் எழுகின்றது. பேஸ் கிற்றார் குழுவின் அடிநாதத்தைத் தாங்கும் வாத்தியம். 1951இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லியோ ஃபெண்டர் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, துல்லியம் என்று பொருள்படும் 'பிரிசிஷன்' என்னும் பெயரையே அதற்கு இட்டார். ஆளுயரமுள்ள பழைய டபிள் பேஸில் விரல் சற்று விலகினும் சுரம் விலகிவிடும். புதிய வாத்தியத்திலோ வீணையிற்போல மெட்டுக்கள் இருந்து சுரத்தைக் கட்டி நிறுத்தின. துல்லியத்தின் பெயரைச் சூடிப் பிறந்த வாத்தியத்திற் பிசிறை ஏற்றுவது தகுமா? ஏற்றுவதாயின், கூரையைத் தாங்கும் தூணை எவ்வளவு ஆழத்துக்குச் செதுக்கலாம்? இந்தப் பெட்டியை அமைப்பவன் விடைகாண வேண்டிய வினா இதுவே.

பழுதிற் பிறந்த நாதம்

ஃபஸ் ஒலியின் வரலாறு ஒரு பேஸ் வாத்தியத்திலேயே தொடங்குகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் மார்ட்டி ரொபின்ஸ் என்னும் பாடகருக்காக ஓர் ஒலிப்பதிவு நிகழ்ந்தது. 'டோன்ட் வொறி' என்ற அப்பாடல் 1961இல் வெளிவந்தது. கிறேடி மார்ட்டின் என்ற கலைஞர் அதில் ஆறு தந்திகளுடைய பேஸ் கிற்றாரை வாசித்தார். சாதாரணக் கிற்றாருக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது அது. அவருடைய தனிவாசிப்பு வந்தபோது, ஒலிப்பதிவு மேசையில் அவ்வாத்தியம் இணைக்கப்பட்டிருந்த பகுதி பழுதுற்று, நாதம் கிழிந்து கரகரத்தது. மின்மாற்றி ஒன்று கெட்டமையே காரணமெனப் பதிவுப் பொறியியலாளர் கிளென் ஸ்நொடி பிற்காலத்தில் விளக்கினார்.

வேறொரு நாளாயின் அப்பகுதியை நீக்கிவிட்டு மறுபடியும் பதிந்திருப்பர். அன்று அப்படியே விட்டனர். அமைதியாகச் செல்லும் பாடலின் நடுவே திடீரென ஒரு முரட்டுக் குரல் எழுந்து அடங்குகிறது. பாடல் அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசைப் பட்டியலில் முதலிடத்தைப் பெற்றது. கெட்டுப்போன அந்த ஒலி வேண்டுமென்று மற்றைக் கலைஞர்களும் கேட்கலாயினர். ஆனால் பழுதடைந்த கருவி எக்காலமும் ஒரே அளவிற் பழுதாக இருப்பதில்லை; சிறிது காலத்தில் அது முற்றாகவே செயலிழந்தது.

ஸ்நொடியின் பெருமை இந்த இடத்திலேதான் இருக்கிறது. தற்செயலாக வந்ததைத் தற்செயலாகவே போகவிடாமல், ரெவிஸ் ஹொப்ஸ் என்னும் பொறியியலாளருடன் சேர்ந்து, அதே ஒலியைத் திரான்சிற்றர்களைக் கொண்டு உண்டாக்கும் சுற்றொன்றை வகுத்தார். 1962இல் அவ்விருவரும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். 1965இல் அது வழங்கப்பட்டது. கிப்சன் நிறுவனம் அச்சுற்றை 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-ரோன்' என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. மூன்று ஜேர்மானியத் திரான்சிற்றர்களும் ஒன்றரை வோல்ற்று மின்கலங்கள் இரண்டுமே அதன் உயிர்நிலை. அதே காலத்தில், ஃபஸ் சுற்றைத் தன் உடலுக்குள்ளேயே கொண்ட பேஸ் கிற்றார் ஒன்றையும் அந்நிறுவனம் விற்றது. தந்திவாத்தியம் வாசிப்பவர் ஊதுகுழல்களின் ஒலியையும் இதனாற் பெறலாம் என்பதே விளம்பரம்.

மக்கள் உடனே மயங்கிவிடவில்லை. 1965இல் ரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினரின் 'சற்றிஸ்ஃபக்ஷன்' பாடலில் கீத் றிச்சர்ட்ஸ் இப்பெட்டியை மிதித்து வாசித்தார். பின்னர் ஊதுகுழல்கள் வாசிக்க வேண்டிய பகுதிக்கு ஒரு மாதிரியாகவே அவர் அதனை வாசித்திருந்தார். ஆனால் மாதிரியே மூலமாக நிலைத்தது. பாடல் உலகெங்கும் பரவ, பெட்டியின் விற்பனையும் பெருகியது. அன்றுதொட்டு ஃபஸ் என்றாற் கிற்றாரே நினைவுக்கு வந்தது. அதனை முதலிற் பெற்றெடுத்த பேஸ் வாத்தியம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. கிற்றாருக்கென அமைந்த பெட்டிகளைப் பேஸ் வாசிப்பவர்கள் இரவல் வாங்கி மிதித்தபோது, பிசிறு வந்தது, அடிநாதம் போயிற்று.

அலையின் தலையை வெட்டினால்

போயிற்று என்றால் எங்கே போயிற்று? இதனை அறியச் சிறிது பௌதிகம் வேண்டும். தந்திகளின் நீளத்தையும் சுரங்களின் உறவையும் கணக்கிட்டுக் காட்டிய விபுலாநந்த அடிகளின் யாழ் நூலை 1947இல் பெற்ற நமக்கு, நாதத்தை எண்ணால் அளப்பது அந்நியமான காரியமன்று.

பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது. அந்த அதிர்வு மின்னலையாக மாறித் திரான்சிற்றரை அடைகிறது. திரான்சிற்றர் அதனைப் பன்மடங்கு பெருக்க முயல்கிறது. ஆனால் மின்கலத்தில் உள்ள வோல்ற்றளவுக்கு அப்பால் அலை எழ முடியாது. தாழ்ந்த கூரையுள்ள அறையில் உயரமானவன் நிமிர முயல்வது போன்ற நிலை இது. குன்றுபோல் உருண்டு எழவேண்டிய அலையின் முடி கூரையில் மோதித் தட்டையாகின்றது, பள்ளமும் அவ்வாறே. மிகையாகப் பெருக்கினால் அலை ஏறக்குறையச் சதுரமாகிவிடும்.

எந்த வடிவமுள்ள அலையையும், அது மாறாமல் மீண்டும் மீண்டும் வருமாயின், எளிய அலைகள் பலவற்றின் கூட்டாகப் பிரித்துவிடலாம் என்பது பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே காட்டிய உண்மை. சதுர அலையைப் பிரித்தால் அடிப்படைச் சுரமும், அதன் 3, 5, 7 மடங்கு அதிர்வெண்ணுள்ள மேற்றொனிகளும் கிடைக்கின்றன. அவற்றின் வலு முறையே மூன்றிலொன்று, ஐந்திலொன்று, ஏழிலொன்று எனக் குறைந்து செல்லும். தந்தியின் சுரத்தை ஆதார சட்ஜமாகக் கொண்டால், மூன்றாம் மடங்கு மேல்ஸ்தாயிப் பஞ்சமம். ஐந்தாம் மடங்கு அதற்கும் மேலுள்ள ஸ்தாயியின் அந்தர காந்தாரம். நாம் பிசிறு என்று கேட்பது வெறும் இரைச்சலன்று. ஒரு சுரத்துக்குள் உறங்கிக்கிடந்த பல சுரங்கள் ஒருமித்து விழித்தெழும் ஆரவாரம் அது. முடியையும் பள்ளத்தையும் சமமாக வெட்டாமல் ஒருபுறம் கூடுதலாக வெட்டினால் 2, 4 முதலிய இரட்டை மடங்குகளும் சேர்ந்து ஒலி வேறு நிறம் பெறும்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். சதுர அலையில் அடிப்படைச் சுரம் அழியவில்லையே! கணக்கின்படி, அதன் உயரம் சதுரத்தின் உயரத்திலும் ஏறத்தாழ 1.27 மடங்கு பெரிதாகவே இருக்கிறது. அங்ஙனமாயின் செவிக்கு அடிநாதம் குன்றித் தோன்றுவதேன்?

காரணம் பெட்டியில் மட்டுமன்றி நம் செவியிலும் இருக்கிறது. தாழ்ந்த ஒலியும் நடுத்தர ஒலியும் ஒரே வலுவுடன் வந்தாலும் செவி நடுத்தர ஒலியையே உரத்துக் கேட்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஃபிளெச்சரும் மன்சனும் 1933இல் இதனை அளந்து வெளியிட்டனர். ஃபஸ் பெட்டி உண்டாக்கும் மேற்றொனிகள் செவிக்கு உவப்பான அந்த நடுப்பகுதியில் வந்து குவிகின்றன. ஒலி திடீரென உரத்ததாகத் தோன்றவே, வாசிப்பவர் குமிழைத் திருகி அளவைக் குறைக்கிறார். மேற்றொனிகளுடன் சேர்ந்து அடிப்படைச் சுரமும் குறைகிறது. யாரும் அதனை வெட்டவில்லை. கூட்டத்தின் ஆரவாரத்தில் முதியவரின் குரல் அமுங்குவதுபோல அது அமுங்கிப்போகிறது.

இதனோடு இன்னொரு காரணமும் சேரும். சுற்றின் ஒரு படியிலிருந்து மறுபடிக்கு ஒலியைக் கடத்துவது கொள்ளளவி. தமிழகத்தார் மின்தேக்கி என்பர். அதன் பெறுமானம் சிறிதானால் தாழ்ந்த சுரங்கள் அதனைக் கடக்க இடர்ப்படும். 10,000 ஓம் தடையிக்கு முன் 0.1 மைக்குரோபரட்டுக் கொள்ளளவியை வைத்தால், செக்கனுக்கு 159 அதிர்வு என்ற எல்லைக்குக் கீழே ஒலி தேயத் தொடங்கும். சாதாரணக் கிற்றாரின் தாழ்ந்த தந்தி 82 அதிர்வுகளை உடையது. அதன் அடிப்படைச் சுரத்தில் ஏறக்குறைய அரைவாசி எஞ்சும். பேஸின் 41 அதிர்வில் நாலிலொரு பங்கே எஞ்சும். கிற்றாருக்கு அழகாக அமைந்த பெட்டி பேஸுக்கு வறண்டு ஒலிப்பதன் இரகசியம் இது.

இரண்டு வாய்க்கால்கள்

கொள்ளளவியை 1 மைக்குரோபரட்டாக மாற்றினால் எல்லை 16 அதிர்வுக்கு இறங்கிவிடும்; அடிநாதத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கடந்துசெல்லும். புதிதாகச் செய்பவர்கள் இத்துடன் காரியம் முடிந்துவிட்டதென மகிழ்வர். ஆனால் வாசித்துப் பார்த்தால் வேறொரு குறை தலைகாட்டும். தாழ்ந்த சுரத்தின் பேரலை முழுவதும் வெட்டுமிடத்திற் புகுவதால், எந்த நேரத்தில் வெட்டு விழ வேண்டுமென்பதை அதுவே தீர்மானிக்கிறது. மேலுள்ள நுண்ணொலிகள் நசுங்குகின்றன. இரு சுரங்களைச் சேர்த்து வாசித்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகிய புதிய அதிர்வுகள் பிறந்து ஒலி சேறாகிவிடும். மெல்ல மீட்டினாலும் வலிந்து மீட்டினாலும் ஒரே உயரமுள்ள சதுர அலையே வெளிவருவதால், விரலின் மென்மையும் வன்மையும் மறைந்துவிடும்.

இதற்குக் கண்ட வழி எளிமையானது. வருகின்ற நீரை மடையில் இரண்டாகப் பிரித்து இரு வாய்க்கால்களில் விடுவதுபோல, வாத்தியத்தின் ஒலியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு வாய்க்கால் எவ்வித மாற்றமுமின்றித் தெளிந்த நாதத்தைக் கொண்டுசெல்லட்டும். மற்றதிலே தாழ்ந்த சுரங்களை ஓரளவு வடித்துவிட்டு, எஞ்சியதை விருப்பம்போல வெட்டிப் பிசிறாக்கலாம். முடிவில் இரண்டையும் ஒரு குமிழின் வழியே கலந்தால், அடியிலே தூண் அசையாமல் நிற்கும். அதன்மேற் பிசிறு படரும். சற்றுமுன் குறையாகத் தோன்றிய 0.1 மைக்குரோபரட்டுக் கொள்ளளவி, பிசிறு வாய்க்காலின் வாயில் வைக்கத் தக்க காவலாளியாகிவிடுகிறது. பிழையான இடத்திலே குறையாயிருந்தது உரிய இடத்திலே குணமாகிறது.

இக்கருத்தைப் பெட்டியாக்குவதற்கு முன்பே இசையாக்கிக் காட்டியவர்கள் உண்டு. 1965 நவம்பரில் இலண்டனில் பீட்டில்ஸ் குழுவினர் ஜோர்ஜ் ஹரிசன் இயற்றிய 'திங்க் ஃபோர் யோர்செல்ஃப்' பாடலைப் பதிந்தனர். போல் மக்கார்ட்னி அதிற் பேஸை இருமுறை வாசித்தார்: ஒருமுறை வழக்கமான தெளிந்த ஒலியில்; மறுமுறை ஃபஸ் ஏற்றி. தெளிந்த பேஸ் பாடலைத் தாங்க, பிசிறேறிய பேஸ் ஒரு தனிக் கிற்றார்போல அதன்மேல் உலவுகின்றது. இரு முறை வாசித்துப் பெற்ற அதனை ஒரு முறை வாசித்தே பெறுவதற்கு உதவுவதுதான் நாம் சொல்லும் இருவாய்க்காற் பெட்டி.

மேசைமேல் ஒரு பெட்டி

பௌதிகம் பயிலும் மாணவன் ஒருவன் இதனைத் தன் வீட்டு மேசையிற் செய்ய முனைகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வோல்ற்று மின்கலம் ஒன்று, சில திரான்சிற்றர்கள், தடையிகள், கொள்ளளவிகள், குமிழ்கள், காலால் மிதிக்கும் ஆளி, ஈயம் பற்றவைக்கும் கோல் என்பன போதும். ஆனால் நான்கு இடங்களில் அவன் விழிப்பாயிருக்க வேண்டும்.

முதலாவது, நுழைவாயில். கிற்றாரின் காந்தச் சுருள் தருவது மிக நொய்ந்த மின்னோட்டம். பழைய ஃபஸ் சுற்றுக்கள் பல அதனை வாயிலிலேயே உறிஞ்சிவிடும். தெளிந்த வாய்க்காலும் வற்றும். ஆகவே ஒலியைப் பிரிப்பதற்கு முன், ஏறக்குறைய 10 இலட்சம் ஓம் தடையுள்ள ஒரு தாங்கற் படியை வைப்பது நன்று. அது கிற்றாரிடமிருந்து சொற்பத்தையே பெற்றுக்கொண்டு இரு வாய்க்கால்களுக்கும் குறைவின்றி வழங்கும்.

இரண்டாவது, அலையின் திசை. பெருக்கும் திரான்சிற்றர்ப் படி ஒவ்வொன்றும் அலையைப் பொதுவாகத் தலைகீழாக்கும். பிசிறு வாய்க்காலில் அத்தகைய படிகள் ஒற்றை எண்ணிக்கையில் இருந்தால், அதிலிருந்து வெளிவரும் அலை மேலெழும்போது தெளிந்த அலை கீழிறங்கும். பௌதிக நூல்கள் இதனை எதிர் அவத்தை என்னும். இரண்டையும் கலந்தால் அடிநாதம் ஒன்றையொன்று கொன்றுவிடும். தனித்தனியே கேட்டபோது நன்றாயிருந்த இரு ஒலிகள் சேர்ந்தவுடன் மெலிந்துபோவதைக் கண்டு மாணவன் கொள்ளளவியைக் குறைகூறுவான். இன்னொரு திருப்பும் படியைச் சேர்த்தால் நோய் தீரும். வடிக்கும் கொள்ளளவியும் அவத்தையைச் சிறிது நகர்த்துமாதலால், கணக்குப் போட்டபின் செவியாலும் சோதித்தல் வேண்டும்.

மூன்றாவது, வெப்பம். தொடக்ககாலப் பெட்டிகளின் மென்மையை விரும்பிப் பலர் இன்றும் ஜேர்மானியத் திரான்சிற்றர்களைத் தேடுகின்றனர். அவை சுமார் 0.3 வோல்ற்றிலேயே மின்னைக் கடத்தத் தொடங்குவன, சிலிக்கனுக்கு 0.6 வோல்ற்றளவு வேண்டும். ஆனால் வெப்பம் 10 பாகை ஏறினால் ஜேர்மானியத்தின் கசிவு மின்னோட்டம் ஏறத்தாழ இருமடங்காகும். காலையிற் சரியாக அமைத்த பெட்டி மாலையில் மேடை விளக்கின் கீழே வேறு குரலிற் பேசும். நம்மைப் போன்ற வெப்ப நாட்டார்க்குச் சிலிக்கனே உறுதியான துணை.

நான்காவது, இரைச்சல். நம் நாட்டு மின்விநியோகம் செக்கனுக்கு 50 சுற்று வீதம் ஊசலாடுவது. பேஸின் முதற்றந்திக்கு 41, அடுத்ததற்கு 55. மின்சாரத்தின் முரல் இவ்விரண்டுக்கும் நடுவே வந்து அமரும். அடிநாதத்தைக் காப்பதற்கென அமைந்த பெட்டி அதனையும் சேர்த்தே காத்துவிடும். உலோகப் பெட்டிக்குள் சுற்றை அடைத்து, பெட்டியைச் சுற்றின் பூச்சியக் கம்பியுடன் இணைப்பதே இதற்கு மருந்து. வெளிவாயிலில், சில ஆயிரம் அதிர்வுகளுக்கு மேலுள்ள கூரிய சீறலைத் தணிக்கும் வடி ஒன்றையும் வைத்தால், கரகரப்பு இருக்கும், காதைக் கீறாது.

கடைசியாக எஞ்சுவது கலவைக் குமிழ். அதனை எங்கே நிறுத்துவதென்று எந்தச் சமன்பாடும் சொல்லாது. தனியறையில் வாசிக்கும்போது பிசிறு நிறைய வேண்டுமெனத் தோன்றும். மேளமும் குரலும் சேர்ந்தவுடன், தெளிந்த நாதத்தின் பக்கம் குமிழைத் திருப்பவேண்டி வரும். பேஸ் வாசிப்பவன் தனக்காக மாத்திரம் வாசிப்பவனல்லன். பிறர் சுரம் நிற்பதற்கு இடங்கொடுப்பவன். அவன் குரலை உயர்த்தும் உரிமையும், பிறரைத் தாங்கும் கடமையும் அந்த ஒரு குமிழிற் சந்திக்கின்றன.

தம்புராவின் நூல்

பிசிறை வெறுப்பவர்கள் நாம் என்று தொடங்கினோம். அது முழு உண்மையன்று. நம் கச்சேரி மேடையின் பின்னே அமைதியாக ஒலித்துக்கொண்டிருக்கும் தம்புராவைப் பாருங்கள். அதன் குதிரை தட்டையாகச் சற்றே வளைந்திருக்கிறது. தந்திக்கும் குதிரைக்குமிடையே ஜீவாளி என்னும் சிறு நூல் செருகப்பட்டிருக்கிறது. தந்தி அதிரும்போது குதிரையை உராய்ந்து உராய்ந்து விலக, மேற்றொனிகள் அலையலையாக எழுகின்றன. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த விஞ்ஞானி சி. வி. இராமன் 1921இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வீணை, தம்புரா ஆகியவற்றின் இக்குதிரை அமைப்பே அவற்றின் செழித்த மேற்றொனிகளுக்குக் காரணமென எடுத்துக்காட்டினார். நூல் இல்லாத தம்புரா பிசிறற்றது, அதனாலேயே உயிரற்றது. உயிர் தரும் நூல் என்பதால் அதற்கு ஜீவாளி என்று பெயர் வந்தது போலும்.

அந்த நூலை மயிரிழையளவு நகர்த்தினால் நாதம் மங்கும். மறுபுறம் நகர்த்தினால் வெறும் இரைச்சலாகும். நடுவில் ஓரிடத்தில், சட்ஜம் அசையாமல் நிற்க, அதன்மேல் மற்றைச் சுரங்கள் மலரும். தம்புராவை மடியில் வைத்து அந்த இடத்தைத் தேடுபவரும், பெட்டியின் முன் குந்தியிருந்து குமிழைத் திருகும் மாணவனும் தேடுவது ஒன்றையே.

கிளென் ஸ்நொடி 2018இல் காலமானார். அன்று நாஷ்வில்லிற் பழுதடைந்தது ஒரு கருவி மாத்திரமே. அந்தப் பழுதைச் செவிகொடுத்துக் கேட்டு, இதில் வேண்டியது எவ்வளவு, வேண்டாதது எவ்வளவு என்று வினவியவர் இருந்தமையால் அது இசையாயிற்று. நம் மாணவர்களும் தம் மேசையிற் செய்யும் பெட்டி முதன்முறை கரகரக்கும்போது, அதனை உடனே பிழையென்று தள்ளிவிடாமல், அடிநாதம் நிற்கிறதா என்று ஒருகணம் கேட்டுப் பார்ப்பார்களாக.